பொருள்: பவர் ஸ்டீயரிங் ஓஸுக்குத் தமிழ் (அவசரம்)

நண்பர்களே,
வாகனப் பராமரிப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை அச்சுக்குப் போகிறது. பவர் ஸ்டீயரிங் ஓஸ் மாற்றும் பகுதியில் மாட்டிக்கொண்டேன். ஓஸ் இரண்டு. ஒன்று பம்பிலிருந்து ஸ்டீயரிங் பெட்டிக்கு எண்ணெயை அழுத்தத்தோடு கொண்டுபோகும். மற்றது அங்கிருந்து தொட்டிக்குக் கொண்டுவரும். முதலாவதன் முனையில் உலோகப் பூண் இறுக்கி, மரை போட்டிருக்கும். இரண்டாவதற்குக் கிளிப் போதும். ஸ்டீயரிங்கைக் கோடிவரை ஒடிக்கும்போது அழுத்தப் பக்கம் 1,000 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும் (டயரில் 30 சொச்சம்தான்). படிப்பவர் குழம்பிச் சாதா ரப்பரை அங்கே மாட்டினால் சூடான எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். இப்போதைக்கு ‘திசைதிருப்பி அழுத்தக் குழாய்’, ‘திசைதிருப்பித் திரும்பு குழாய்’ என்று போட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.
– மு.

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். வண்டியும் திரும்புகிறது, எண்ணெயும் திரும்புகிறது. எண்ணெய்க்கு ‘மீள்’ கொடுத்துவிடுங்கள். அப்புறம், குழாய் என்றாலே விறைப்பான பைப்புதான் நினைவுக்கு வரும். ஓஸ் வளைய வேண்டும். ‘நெகிழ்குழல்’ சரியாக இருக்கும்.
– செ.

மீள் + குழல் = மீட்குழல் அல்லவா? புணர்ச்சியையாவது விட்டுவைப்போம்.
– த.

> மீட்குழல் அல்லவா?

அல்ல ஐயா. வினைத்தொகை இயல்பாக நிற்கும். கொள்கலத்தை யாரும் கொட்கலம் என்பதில்லை. மீட்குழல் என்றால் எண்ணெயை அடகிலிருந்து மீட்டுவருவது போல இருக்கிறது.
– செ.

குழலே எதற்கு? ‘தூம்பு’ இருக்கிறதே! உள்ளே துளையுள்ளது தூம்பு. ஏரி மதகிலும் அதே சொல்தான். மலைபடுகடாமில் பாணர்கள் சுமந்துபோகும் கருவிகளில் ‘களிற்றுயிர்த் தூம்பு’ ஒன்று உண்டு. யானை நெட்டுயிர்ப்பது போல ஒலிப்பது. துதிக்கையைவிட நல்ல ஓஸ் உலகில் ஏது? வளையும், உறிஞ்சும், பீய்ச்சும். தொட்டியில் எண்ணெய் குறைந்தால் பம்பு முனகுமே, அதுவும் களிற்றுயிர்ப்புதான். அழுத்தத்தூம்பு, மீள்தூம்பு. ஸ்டீயரிங்குக்கு ஈழத்தில் வழங்கும் ‘சுக்கான்’ என்று யாரும் வந்துவிடாதீர்கள்; அது அரபிச் சொல்.
– த.

அரபியானால் என்ன, கப்பலோடு வந்து தங்கிவிட்ட சொல். நான்கே எழுத்து. ‘திசைதிருப்பி’ என்றால் எனக்குக் கவனத்தைத் திசைதிருப்புகிறவர்தான் நினைவுக்கு வருகிறார்.
– யா.

நான் பட்டறைக்காரன். எங்களுக்கு அது பிரஷர் ஓஸ், ரிட்டன் ஓஸ். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது பையனிடம் “மீள்தூம்பைக் கொடு” என்றால் அவன் டீ வாங்கப் போய்விடுவான். ‘குழல்’ புரியும். இன்னொன்று: புது ஓஸ் மாட்டியதும் முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓடவிடாமல், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஸ்டீயரிங்கைச் சுற்றி, எண்ணெய் குறையக் குறைய ஊற்ற வேண்டும். அதற்குக் ‘காற்றெடுத்தல்’ என்றே எழுதுங்கள். தயவுசெய்து ‘வளிநீக்கம்’ வேண்டாம்.
– ப.

நன்றி. ‘ஸ்டீயரிங் அழுத்தக்குழல்’, ‘ஸ்டீயரிங் மீள்குழல்’, காற்றெடுத்தல் என்று அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே பிரஷர் ஓஸ், ரிட்டன் ஓஸ் என்றும் சேர்த்திருக்கிறேன்.
– மு.

‘ஸ்டீயரிங்’கை அப்படியே விட்டுவிட்டுக் குழலுக்கு மட்டும் இத்தனை பாடா? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தூம்பு பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.
– த.