உதவி தேவை: நல்ல லாட்டுகள் வந்தால் மாதிரி எண்ணிக்கையைக் குறைக்கும் எங்கள் எக்செல் தாளில் எங்கே பிழை?

கேள்வி (உள்வரும் பொருள் ஆய்வுப் பிரிவு, கோவை)

அனைவருக்கும் வணக்கம். பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் உள்வரும் பொருள் ஆய்வைக் கவனிக்கிறேன். வெளியிலிருந்து வரும் வெண்கல புஷ்கள் (ஷாஃப்ட் நுழையும் உருளைக் குழல்கள்) ஒவ்வொரு லாட்டிலும், அதாவது ஒன்றாக வரும் ஒவ்வொரு தொகுதியிலும், ஏறத்தாழ 2000 இருக்கும். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 1.0, பொது ஆய்வு நிலை இரண்டு (லாட்டின் அளவுக்கேற்ப மாதிரி அளவை முடிவுசெய்யும் நிலை) என்ற அடிப்படையில் 125 புஷ்களை எடுத்து, உள்விட்டத்தை ப்ளக் கேஜ் (துளையின் அளவைச் சோதிக்கும் உருளைக் கருவி) கொண்டு பார்த்து, மூன்று வரை குறை இருந்தால் ஏற்றுக்கொள்வது பழைய வழக்கம். ஆள் பற்றாக்குறையால், எனக்கு முன் இப்பொறுப்பில் இருந்தவர் ஓர் எக்செல் தாளை உருவாக்கியிருக்கிறார். தொடர்ந்து சில லாட்டுகள் தேறினால் அது மாதிரி எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைக்கும். ஒரு லாட் தேறாவிட்டால் ஒரு படி உயர்த்தும். ஏற்பு எண், அதாவது லாட்டை ஏற்க அனுமதிக்கும் அதிகபட்சக் குறை எண்ணிக்கை, மட்டும் எப்போதும் மூன்றுதான்.

இப்போது தாள் காட்டும் மாதிரி 32. ஆய்வில் லாட்டுகள் தேறிக்கொண்டே இருக்க, அசெம்பிளியிலிருந்து ‘ஷாஃப்ட் நுழையவில்லை’ என்ற புகார் மட்டும் கூடுகிறது. கேஜ்களை அளவுத்திருத்தத்துக்கு அனுப்பிச் சரிபார்த்துவிட்டோம். அவற்றில் கோளாறு இல்லை. முந்தைய முடிவுகளைக் கொண்டு மாதிரியைக் குறைப்பதே தவறா, அல்லது குறைக்கும் முறையில்தான் தவறா?

மறுமொழி 1 (சப்ளையர் தணிக்கையில் இருப்பவர்)

குறைப்பது தவறில்லை, ஏற்பு எண்ணைத் தொடாமல் மாதிரியை மட்டும் குறைத்ததுதான் தவறு. நூற்றுக்கு ஐந்து குறையுள்ள ஒரு லாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 125 எடுத்து மூன்று வரை அனுமதித்தால் அந்த லாட் தேறும் வாய்ப்பு சுமார் 12 விழுக்காடு. 32 எடுத்து அதே மூன்றை அனுமதித்தால் வாய்ப்பு சுமார் 93 விழுக்காடு. உங்கள் தாள் மாதிரியைக் குறைக்கக் குறைக்க லாட் தேறுவது எளிதாகிறது. அந்தத் தேர்ச்சியையே நல்ல தரத்துக்குச் சான்றாகக் கொண்டு தாள் மேலும் குறைக்கிறது. அதனால்தான் ஆய்வு அமைதியாகவும் அசெம்பிளி கொந்தளிப்பாகவும் இருக்கின்றன.

இதற்கென்று தனியாகச் சூத்திரம் எழுத வேண்டியதில்லை. மாதிரி ஆய்வுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2500 பகுதி 1, அதாவது பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 2859-1, இந்த மாற்ற விதிகளை ஏற்கெனவே வகுத்திருக்கிறது. உங்கள் லாட் 1201 முதல் 3200 வரையிலான வரிசையில் வருவதால் குறியீட்டு எழுத்து (அட்டவணையில் மாதிரி அளவைத் தேட உதவும் எழுத்து) கே. வழக்கமான நிலையான இயல்பு ஆய்வில் மாதிரி 125, ஏற்பு எண் 3. தொடர்ச்சியான ஐந்து லாட்டுகளுக்குள் இரண்டு நிராகரிக்கப்பட்டால் கடும் ஆய்வுக்கு மாற வேண்டும். பலர் எதிர்பார்ப்பதுபோல் அங்கே மாதிரி கூடுவதில்லை. அதே 125 தான், ஏற்பு எண் 2 ஆகிறது. (ஏற்பு எண் பூஜ்யமாக உள்ள திட்டங்களில் அதற்கு மேல் குறைக்க வழியில்லாததால், அங்கே மட்டும் மாதிரி உயரும்.) கடும் ஆய்வில் தொடர்ந்து ஐந்து லாட்டுகள் தேறினால் இயல்புக்குத் திரும்பலாம், மாறாக, நிராகரிக்கப்பட்டவை மொத்தம் ஐந்தை எட்டினால், சப்ளையர் தம் உற்பத்தியைச் சீர்செய்யும் வரை ஏற்பு ஆய்வையே நிறுத்திவிட வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள்: நிராகரித்த லாட்டை சப்ளையர் பொறுக்கித் திரும்ப அனுப்பும்போது, அந்த மறு ஆய்வின் முடிவை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முதல் ஆய்வின் முடிவு மட்டுமே கணக்கு.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. எங்கள் தாளில் மறு ஆய்வு முடிவுகளும் தேர்ச்சியாகவே பதிவாகியிருக்கின்றன என்பதை இப்போதுதான் கவனித்தேன். ஆனால் எங்களுக்கு உண்மையில் வேண்டியது வேலைப்பளுவைக் குறைப்பது. முறைப்படி 125-இலிருந்து கீழே இறங்க வழி உண்டா?

மறுமொழி 2 (வாகன உதிரிபாகத் துறை, ஓசூர்)

உண்டு, ஆனால் அது சம்பாதிக்க வேண்டிய சலுகை. இயல்பு ஆய்வில் இருக்கும்போது ஒரு மதிப்பெண் கணக்கைப் பூஜ்யத்தில் தொடங்குங்கள். ஏற்பு எண் இரண்டோ அதற்கு மேலோ உள்ள திட்டத்தில், ஒரு படி கடுமையான ஏ.க்யூ.எல்.-இலும் தேறியிருக்கக் கூடிய லாட்டுக்கு மூன்று மதிப்பெண். இல்லாவிட்டால் கணக்கு மீண்டும் பூஜ்யம். உங்களுக்கு ஒரு படி கடுமை என்பது 0.65, அதற்கு 125-இல் ஏற்பு எண் 2. ஆகவே, சரியாக மூன்று குறையோடு வந்த லாட்டை நீங்கள் ஏற்பீர்கள், ஆனால் அது சப்ளையரின் மதிப்பெண்ணை அழித்துவிடும். இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனெனில் விளிம்பில் தேறுவதும் வசதியாகத் தேறுவதும் ஒன்றல்ல என்பதை அது பிரித்துப் பார்க்கிறது. உங்கள் தாளுக்கு அந்தக் கண் இல்லை. (ஏற்பு எண் பூஜ்யம் அல்லது ஒன்று என்றால், தேறும் ஒவ்வொரு லாட்டுக்கும் இரண்டு மதிப்பெண்.)

மதிப்பெண் 30-ஐ எட்டினால், அதாவது உங்கள் நிலையில் விடாமல் பத்து நல்ல லாட்டுகள் வந்தால், குறைந்த ஆய்வுக்கு மாறலாம். அங்கே கே எழுத்துக்கு மாதிரி 50. அதற்கான ஏற்பு எண்ணைக் குறைந்த ஆய்வுக்குரிய அட்டவணையிலிருந்தே எடுங்கள், இயல்பு ஆய்வின் மூன்றைக் கொண்டுசெல்லாதீர்கள். உற்பத்தி சீராக இருப்பதும், பொறுப்பாளர் ஒப்புக்கொள்வதும் இதற்கு நிபந்தனைகள். ஒரு லாட் நிராகரிக்கப்பட்டாலும், உற்பத்தி ஒழுங்கு குலைந்தாலும் உடனே இயல்புக்குத் திரும்ப வேண்டும். சப்ளையர் இயந்திரத்தையோ வார்ப்பு மூலத்தையோ மாற்றினால், முடிவுகள் நன்றாக இருந்தாலும் நான் 125-க்கே திரும்பிவிடுவேன்.

கணக்கை சப்ளையர் வாரியாகவும் பாகம் வாரியாகவும் தனித்தனியே வையுங்கள். ஒருவருடைய புஷ் நன்றாக இருப்பதற்காக அவருடைய இம்பெல்லருக்குச் சலுகை தர முடியாது.

கேட்டவர்

புரிந்தது. கடைசி ஐயம்: பழைய பதிவுகளை வைத்து மதிப்பெண் போடலாமா? அண்மைய ஐந்து லாட்டுகளில் இரண்டு, 32 எடுத்தபோதே நான்குக்கு மேல் குறை காட்டி நிராகரிக்கப்பட்டவை.

மறுமொழி 1

32 எடுத்துத் தேறிய லாட்டுகளுக்கு மதிப்பெண் தர இயலாது. 125 எடுத்திருந்தால் அவற்றின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்பதை அந்தப் பதிவு சொல்லாது. நிராகரிக்கப்பட்டவை வேறு வகை. அவ்வளவு தளர்வான திட்டத்திலேயே விழுந்தவை, 125 எடுத்திருந்தால் தப்பியிருக்கும் என்று நம்ப இடமில்லை. முறைப்படி இயல்பு ஆய்வில்தான் தொடங்க வேண்டும். ஆயினும் ஐந்துக்குள் இரண்டு விழுந்திருப்பதால், வாங்குபவர் என்ற முறையில் நீங்கள் கடும் ஆய்விலேயே தொடங்குமாறு உத்தரவிடலாம், நானாக இருந்தால் அப்படியே செய்வேன். அடுத்த லாட்டுக்கு 125 எடுங்கள், மூன்றாவது குறை கண்டதும் நிராகரியுங்கள், மாற்றத்தைச் சப்ளையருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மாதிரியை மேல் பெட்டியிலிருந்து மட்டும் அள்ளாமல், எல்லாப் பெட்டிகளிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள்.