அப்பாவின் மின்சாரக் கார்: ஓட்டிப் பழகியவர்கள் உதவுங்கள்

குழு அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். அறுபதைத் தாண்டிய அப்பா மைவி என்ற சின்னப் பெட்ரோல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். அடிக்கடி பினாங்குப் பாலம் வழியாக பாயான் லெப்பாஸ் போய் வருகிறார்.

சிக்கல் பிரேக்கில்தான். கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) ஒன்று குறுக்கே நுழைந்தால் போதும், அப்பா காலை வைக்கும் முன்பே கார் தானாகப் பிரேக் போடுகிறது. பின்னால் லோரி வந்தால் என்ன ஆகும்? சிக்னல் போடாமல் தடம் மாறினால் ஸ்டீயரிங் எதிர்த்து இழுக்கிறது. அதற்கு அப்பாவைத்தான் திட்ட வேண்டும். விற்றவரிடம் கேட்டால் "பழகிவிடும் அங்கிள்" என்கிறார்.

எடையும் உறுத்துகிறது. மைவி சுமார் ஒரு டன்; இது ஒன்றே முக்கால் டன். அதே வேகத்தில் மோதினால் அதே விகிதத்தில் ஆற்றலும் கூடும். நம் நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். என் தம்பியும் அதே பாலத்தில் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறான்.

பிரேக் உதவியை அணைக்க எனக்கு மனமில்லை. மோதல் எச்சரிக்கையின் உணர்திறனை மட்டும் குறைத்தால் பலன் உண்டா? காரை நிறுத்தி மறுபடி இயக்கியதும் அந்த அமைப்பு பழையபடி மாறிவிடுமா? கனமழையில், சாலையைக் கவனிக்கும் கேமராவும் ரேடாரும் உங்களுக்கு எப்படி? டயர் மாற்றும்போது எடை தாங்கும் குறியீட்டில் எதைப் பார்க்கிறீர்கள்?

பட்டர்வொர்த்துக்கு அருகிலுள்ள பிறை பக்கம் யாராவது ஒரு ஞாயிறு காலை அப்பாவோடு உட்கார்ந்து சொல்லித்தர முடியுமா? நான் சொன்னால் கேட்கமாட்டார். தோசையும் தே தாரேக் தேநீரும் என் செலவு.