அமெரிக்க அரசுப் பள்ளி: வகுப்பில் நடத்தும் பாடத்தைப் பெற்றோர் பார்க்கக் கேட்பது எப்படி?

டெக்சாஸ்வாசி:
கேட்டவுடன் பள்ளியில் கையை விரிக்கிறார்கள் என்றால், பாதி நேரம் நாம் தப்பான சட்டத்தைச் சொல்லியிருப்போம். எல்லோரும் ‘ஃபெர்பா’ என்று எழுதுகிறார்கள். 1974இல் வந்த அந்தச் சட்டம் உங்கள் பிள்ளையின் பதிவேடுகளுக்கானது: மதிப்பெண், வருகை, ஒழுங்கு நடவடிக்கை. 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும். வகுப்பில் போட்ட வீடியோவும் வாசிக்கக் கொடுத்த கதையும் அதில் வராது.

அவற்றுக்கு ‘பிபிஆர்ஏ’ என்று தனிச் சட்டம் உண்டு. மத்திய அரசின் கல்வி நிதி வாங்கும் டிஸ்ட்ரிக்ட் (உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), பாடப்பொருளைப் பெற்றோர் பார்வையிட எழுத்தில் ஒரு விதி வைத்திருக்க வேண்டும். அச்சோ டிஜிட்டலோ, இரண்டும் சேர்த்தி. தேர்வுத் தாள் மட்டும் சேர்த்தியில்லை. சட்டம் ‘நியாயமான காலம்’ என்பதோடு நிறுத்திவிடுகிறது, நாள் கணக்கு கிடையாது. அதனால் முதலில் உங்கள் டிஸ்ட்ரிக்டின் விதியைத் தேடி எடுங்கள். அதில் கெடு இருந்தால் அதையே கடிதத்தில் காட்டுங்கள்.

டெக்சாஸ்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வசதி. மாநிலக் கல்விச் சட்டத்தின் 26.006ஆம் பிரிவுப்படி பாடப்பொருளோடு, நடத்தி முடித்த தேர்வையும் பார்க்கலாம். பிள்ளை படிக்கும் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லலாம். கையிருப்பு இருந்தால் தர வேண்டும். ஆசிரியர் கேட்டால் மறுநாள் பள்ளி தொடங்கும்போதே திருப்பிவிட வேண்டும்.

சான்ஹோசே அம்மா:
கலிஃபோர்னியாவில் மாநிலக் கல்விச் சட்டத்தின் பிரிவு எண் 49091.10. துணைப் பாடப்பொருள், ஆசிரியர் கையேடு, படம், மென்பொருள், தேர்வு எல்லாவற்றையும் ஆசிரியர் தொகுத்து வைத்துப் பெற்றோருக்குக் காட்ட வேண்டும் என்கிறது. ஆனால் ‘பார்வையிட’ என்றால் பார்வையிடத்தான். பதிப்பகத்தின் ஆசிரியர் கையேட்டை நகல் கேட்டால் காப்புரிமையைச் சொல்லி மறுப்பார்கள். அங்கே மல்லுக்கட்டாமல், அலுவலகத்தில் உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுக்க நேரம் வாங்குங்கள்.

கடிதம் எழுதும்போது மொட்டையாக ‘எல்லாப் பாடமும் வேண்டும்’ என்று கேட்காதீர்கள். அது ஆசிரியரின் மேசையிலேயே தூங்கும். பாடம், யூனிட்டின் பெயர், எந்த வாரம், என்ன பொருள் (ஸ்லைடு, வாசிப்புப் பகுதி, வீடியோ இணைப்பு), உங்களால் வர முடிகிற இரண்டு நேரங்கள். இவ்வளவு போதும். மின்னஞ்சலிலேயே கேளுங்கள், வாசலில் நின்று பேசியதற்குத் தேதி இருக்காது. முதலில் ஆசிரியர், பதில் இல்லையென்றால் பிரின்சிபல், அப்புறம்தான் டிஸ்ட்ரிக்ட். எடுத்த எடுப்பில் டிஸ்ட்ரிக்டின் தலைவரான சூப்பரின்டெண்டென்டுக்கு எழுதினால் கடிதம் சுற்றிச் சுற்றி அதே ஆசிரியரிடம்தான் வரும், கசப்போடு.

கேன்வாஸ் ஆள்:
சட்டம் வரை போவதற்கு முன் கணினியைப் பாருங்கள். பல பள்ளிகள் பாடங்களை ஏற்றிவைக்கும் ‘கேன்வாஸ்’ தளத்தில் பெற்றோருக்கு ‘அப்சர்வர்’ (பார்வையாளர்) கணக்கு உண்டு. பிள்ளையின் கணக்கில் செட்டிங்ஸ் போனால் ஆறு எழுத்து இணைப்புக் குறியீடு எடுக்கலாம் (சில டிஸ்ட்ரிக்ட்கள் இதை முடக்கியிருக்கும், அப்போது பள்ளிதான் தர வேண்டும்). 7 நாளில் காலாவதியாகிவிடும், ஒரு முறைதான் செல்லும். அம்மா போட்ட குறியீட்டையே அப்பாவும் போட்டால் ஏற்காது, புதிதாக எடுக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் தகராறு.

அப்சர்வருக்கு வினாடிவினாக் கேள்விகள் தெரியாது. பதிப்பகத் தளம் வழியாகத் திறக்கும் பாடங்களும் பெரும்பாலும் திறக்காது; பிள்ளையை லாகின் செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வழி. கூகுள் கிளாஸ்ரூமில் பெற்றோருக்கு வரும் ‘கார்டியன்’ மின்னஞ்சல் விட்டுப்போன வேலையையும் வரப்போகும் வேலையையும் சொல்லும், பாடத்தைக் காட்டாது.

டெக்சாஸ்வாசி:
விட்டுப்போனது ஒன்று. சிறப்புக் கல்வித் திட்டம், அதாவது ‘ஐஇபி’ உள்ள பிள்ளையென்றால், கூட்டத்துக்கு முன்பே பதிவேடுகளைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். 45 நாள் முடியட்டும் என்று இழுக்க முடியாது. ஃபெர்பா, பிபிஆர்ஏ புகார் போவது மத்தியக் கல்வித் துறையின் மாணவர் அந்தரங்கக் கொள்கை அலுவலகத்துக்கு. கெடு 180 நாள். மறுத்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள், புகாரோடு இணைக்க அது வேண்டும்.