எந்த எபிசோடில் மாட்டிக்கொண்டீர்கள்? பாட்காஸ்ட் கேட்ட அனுபவங்களைப் பகிருங்கள்

நடைப்பிரியன்:

"நல்ல பாட்காஸ்ட் இருந்தா சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் பத்துப் பன்னிரண்டு பெயர்களைத் தட்டி அனுப்பிவிடுவேன். ஒருவர்கூடக் கேட்டதில்லை. நூற்றுக்கணக்கான எபிசோடுகள் உள்ள தொடரைத் திறந்ததும் எங்கே கைவைப்பது என்று தெரியாமல் மூடிவிடுகிறார்கள். அதனால் இந்த இழையில் ஒரு வேண்டுகோள். தொடரின் பெயர் மட்டும் போதாது. எந்த எபிசோடு, அதைக் கேட்டபோது உங்களுக்கு என்ன நடந்தது, அதையும் எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். 'சீரியல்', முதல் சீசன், முதல் எபிசோடு. 2014 அக்டோபரில் வந்தது. எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் கிடைத்தது. அமெரிக்காவில் 1999-ல் ஒரு பள்ளி மாணவி கொலை. அவளுடைய முன்னாள் காதலனுக்கு ஆயுள் தண்டனை. பல ஆண்டு கழித்து செய்தியாளர் சேரா கேனிக் அந்த வழக்கைத் திரும்ப எடுக்கிறார். பள்ளி விட்ட பிறகு 21 நிமிடம் அந்தப் பையன் எங்கே இருந்தான் என்பதுதான் அவரைக் குடைகிற கேள்வி. ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு சாதாரண நாளில் என்ன செய்தீர்கள் என்று தனக்குத் தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கிறார். யாருக்கும் உருப்படியாக நினைவில்லை.

இரவு நடை முடிந்து வந்ததும் நானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சரியாக ஆறு வாரம் முன்பு, புதன்கிழமை. போனில் அன்றைக்கு ஒரே ஒரு படம்: மின் மீட்டரில் தெரிந்த எண். அதை எதற்கு எடுத்தேன்? என் மனைவி, அன்று மாலை தன் அக்காவைப் பார்க்கப் போனோம் என்றாள். அது அதற்கு முந்தைய வாரம் என்று எனக்கு நல்ல நினைவு. இருவரும் சத்தியம் செய்யாத குறைதான். தாளில் கடைசிவரை இரண்டு வரிதான் தேறியது. நீதிமன்றத்தில் நின்று அந்தப் புதன்கிழமைக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டி வந்திருந்தால் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. மொத்தம் 12 எபிசோடுகள், ஒரே வாரத்தில் முடித்தேன்.

மூன்றாம்மாடி:

ஐயா, நீங்கள் கேட்டபடி எபிசோடு பெயரோடு வருகிறேன். '99% இன்விசிபிள்'. ரோமன் மார்ஸ் 2010 முதல் நடத்திவருவது. வடிவமைப்பு, கட்டடம், நாம் கவனிக்காமல் கடந்துபோகிற பொருள்கள் பற்றியது. 'ஸ்ட்ரக்சுரல் இன்டெக்ரிட்டி' என்ற எபிசோடைத் தேடுங்கள்.

என் அப்பா வெல்டர். முப்பது வருஷத்துக்கு மேல் உயரமான கட்டடங்களில் இரும்புச் சட்டங்களைப் பத்தவைத்தவர். இப்போது இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. டிவி பிடிக்கவில்லை, பேசுகிறவர்கள் எதையோ காட்டுகிறார்கள், என்னவென்று யாரும் சொல்வதில்லை என்பார். அவருக்கு ஆங்கிலம் வராது. அதனால் நான் கேட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தமிழில் சொல்வேன். அரைமணி எபிசோடு எங்களுக்கு ஒன்றரை மணி நேரம்.

அன்றைய கதை நியூயார்க்கில் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம். மனையின் ஒரு மூலையில் பழைய தேவாலயம் இருந்தது. அதே இடத்தில் புதிய தேவாலயம் கட்டித்தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அதனால் கோபுரத்தைப் பிரம்மாண்டமான தூண்கள் மேல் தூக்கி நிறுத்தினார்கள். தூண்கள் மூலைகளில் இல்லை, நான்கு பக்கங்களின் நடுவில். இதைச் சொன்னதுமே அப்பா, "நிறுத்தும்மா" என்றார். "நாலு பாட்டில் மூடி எடுத்துட்டு வா."

கொடுத்தேன். மூடிகளை மேசையில் தடவித்தடவி வைத்தார். மேலே தன் மாத்திரைப் பெட்டியை வைத்து, ஒவ்வொரு மூடியும் பக்கத்தின் நடுவில் வருகிறதா என்று விரலால் அளந்து நகர்த்தினார். பெட்டியின் மூலையில் ஆள்காட்டி விரலால் ஒரு அழுத்து. பெட்டி சாய்ந்து மாத்திரைகள் கடகடவென்று ஓரத்துக்கு ஓடின. "மூலையில அடிக்கிற காத்தைக் கணக்குப் போட்டாங்களா?" என்று கேட்டார்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏனென்றால் அடுத்த பத்து நிமிடமும் அதேதான் வந்தது. நேராக மோதும் காற்றுக்குத்தான் முதலில் கணக்கு. மூலையில் மோதும் காற்று சில இரும்புச் சட்டங்களில் 40 சதவீதம் கூடுதல் விசை கொடுக்கும் என்று 1978-ல், கட்டடத்துக்குள் ஆட்கள் குடிபுகுந்த பிறகுதான், பொறியாளர் வில்லியம் லெமெஷூரியருக்குப் புரிந்தது. போதாததற்கு, பத்தவைத்திருக்க வேண்டிய இணைப்புகளுக்குச் செலவைக் குறைக்க போல்ட் போட்டிருந்தார்கள். இதைச் சொன்னதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "அந்த உயரத்துல போல்ட்டா? அங்க நின்னு பாத்தவன் எவனும் அப்படிச் செய்யமாட்டான்" என்றார். யாரோ தன் சொந்த வேலையைக் கெடுத்துவிட்ட மாதிரி கோபம்.

பிறகு இரவு இரவாக ஆட்களை ஏற்றி, இணைப்புகள் மேல் கனமான இரும்புத் தகடுகளை வைத்துப் பத்தவைத்தார்கள். பகலில் அலுவலகத்துக்கு வந்துபோனவர்களுக்கு ஒன்றும் தெரியாது. செய்தித்தாள்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தன. 'எல்லா' என்று பெயரிட்ட ஒரு புயல் நடுவில் நெருங்கி வந்து கடலுக்குள் திரும்பிவிட்டது. விஷயம் 1995 வரை வெளியே வரவில்லை. இந்த இடம் வந்தபோது அப்பா பேசவே இல்லை. வலது கை மட்டும், பத்தவைக்கும் கம்பியைப் பிடித்திருப்பது போலச் சின்னச் சின்னதாக அசைந்துகொண்டிருந்தது.

கடைசியில் அவர் கேட்டது இன்னொரு ஆளைப் பற்றி. அந்தக் கட்டடத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஒரு கல்லூரி மாணவியும் கணக்குப் போட்டு, பொருந்தவில்லையே என்று பொறியாளரின் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். பிரச்சினை ஏதுமில்லை என்று பதில். தன் கேள்வி எவ்வளவு பெரியது என்பது பல வருஷம் கழித்து டிவி பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. "அந்தப் பொண்ணுகிட்ட யாரும் சொல்லலையா?" என்று அப்பா திரும்பத்திரும்பக் கேட்டார்.

இரவுப்பணி:

மூன்றாம்மாடி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு என் வணக்கம்.

நான் சொல்வது பிபிசி ரேடியோ 4-ன் 'இன் அவர் டைம்'. 1998-ல் தொடங்கியது, ஆயிரம் எபிசோடுகளுக்கு மேல். மெல்வின் பிராக் கால் நூற்றாண்டுக்கு மேல் நடத்தினார். ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது. அவர்கள் சுற்றிவளைத்தால் பிராக் வெட்டி, "சரி, விஷயத்துக்கு வாங்க" என்கிற தொனியில் இழுத்துவருவார். 'ஜீரோ' பற்றிய பழைய எபிசோடில் தொடங்கலாம். இரவு மூன்று மணிக்கு, கண் சொக்கும்போது, மூன்று பேர் ஒன்றுமில்லாததைப் பற்றி இவ்வளவு சூடாகப் பேசுவதைக் கேட்டுத்தான் நான் விழித்திருந்தேன். வேகத்தைக் கூட்டிக் கேட்காதீர்கள். இவர்கள் யோசிக்க எடுத்துக்கொள்ளும் இடைவெளியில்தான் நமக்கும் புரியும்.

கடைசிப்பெட்டி:

நடைப்பிரியன் சாரிடம் ஒரு மாற்றுக் கருத்து. எல்லாத் தொடரிலும் நடுவில் நுழைய முடியாது. மைக் டங்கனின் 'தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்' 2007 முதல் 2012 வரை வந்தது, 179 எபிசோடுகள். கி.பி. 476-ல் மேற்குப் பேரரசு முடியும்வரை. இதை ஒன்றாம் எபிசோடிலிருந்துதான் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் ஒலிப்பதிவு சுமார்தான், பத்து எபிசோடு பொறுத்துக்கொள்ளுங்கள். பேச்சு மெல்ல மெல்லத் தெளிந்து, ஒரு மனிதர் தன் வேலையைக் கற்றுக்கொள்வதை நாம் கூடவே இருந்து கேட்கிறோம். பதினான்கு மாதம் ரயிலில் போகவர இதுதான் எனக்குத் துணை. கடைசி எபிசோடை மூன்று நாள் கேட்காமல் வைத்திருந்தேன்.

பென்சில்அம்மா:

குழந்தை இருக்கும் வீட்டுக்கு 'எவ்ரிதிங் இஸ் அலைவ்'. இயன் சில்லாக் உயிரில்லாத பொருள்களைப் பேட்டி எடுக்கிறார். 2018-ல் வந்த முதல் எபிசோடில் பேசுவது லூயிஸ் என்கிற ஒரு கோலா டப்பா. மகளுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே கேட்டேன். மறுநாள் அவள் தன் சின்னப் பென்சிலிடம், "சீவும்போது வலிக்குதா, இல்ல கூராகுதுன்னு சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டு, காதருகே வைத்துப் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

இரவுப்பணி:

'சீரியல்' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நானும் விடாமல்தான் கேட்டேன். ஆனால் ஏழெட்டு எபிசோடு போனபிறகுதான், இறந்த பெண்ணைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்று உறைத்தது. எனக்கு அது கதை, அவள் வீட்டாருக்கு அப்படி இல்லை.

நடைப்பிரியன்:

ஒத்துக்கொள்கிறேன். வழக்கும் தொடரோடு முடியவில்லை. 2022-ல் தண்டனை ரத்தாகி அவர் வெளியே வந்தார். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தீர்ப்பை மீட்டது. 2025-ல், அனுபவித்த சிறைவாசமே போதும் என்று நீதிபதி தண்டனையைக் குறைத்தார். ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பம் எல்லாவற்றையும் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. இனி இதைப் பரிந்துரைக்கும்போது இதையும் சேர்த்தே சொல்வேன்.

கடைசிப்பெட்டி சார், ரோம் இன்றிரவு நடையில் தொடங்குகிறேன். ஒன்றிலிருந்தே.

மூன்றாம்மாடி:

எல்லாருடைய பதிலையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பென்சில் கேள்வியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். இப்போது பாலங்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். தொங்குபாலமாக இருந்தால் நல்லதாம். தெரிந்தவர்கள் எபிசோடு பெயரோடு சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கேட்கப்போகிறோம். மூடிகளும் மாத்திரைப் பெட்டியும் இன்னும் மேசைமேலேயே இருக்கின்றன, எடுக்கவிடமாட்டேன் என்கிறார்.