டேட்டாபேஸ் வினாடி வினா ஷூட்டிங்கில் இரண்டு சிக்கல், யோசனை சொல்லுங்கள்

டேட்டாபேஸ்காரர்களுக்காக ஒரு நகைச்சுவை வினாடி வினா வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறோம். டெட்லாக் (இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்திருந்து முடங்கிப்போவது) கேள்வியை நடித்தே காட்டுகிறோம். ஒருவர் கையில் பேனா, இன்னொருவர் கையில் தாள். 'முதலில் நீ கொடு' என்று இருவரும் அசையாமல் நிற்கிறார்கள். எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளாக இருந்தால், பொதுவாக ரோல்பேக் செய்ய, அதாவது அதுவரை செய்ததைத் திரும்பப் பெற, செலவு குறைந்தவரைப் பலிகொடுத்து 1205 என்று பிழை காட்டிவிடும். இதைக் கேமரா முன் சிரிப்பாக எப்படி முடிப்பது? விசில் ஊதி வெளியேற்றிப் பார்த்தோம், சப்பென்று இருக்கிறது.

அப்புறம், எதை அழிப்பது என்று சொல்லும் வேர் (WHERE) கண்டிஷன் போடாமல் டெலீட் கொடுத்து, டேபிளில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும் காட்சி. ஷட்டர் வேகத்தை மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டுக்கு ஏற்ப மாற்றியதும் திரையில் கோடு ஓடுவது நின்றுவிட்டது. ஆனால் நெருக்கத்தில் எழுத்துகள் மேல் அலை அலையாக வருகிறது. ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஒட்டலாம்தான். நடிப்பவர் முகம் வெளிறுவதும் அதே ஷாட்டில் வேண்டுமே! எடுத்துப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.