பயணத்தில் கேமராவுக்கு எந்த பேட்டரியை நம்பலாம்?

வழிப்போக்கன்22 கேட்டது:

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் ஒரு நீண்ட பயணம், முதலில் விமானம், அப்புறம் குளிரான மலைப்பகுதி. என்னிடம் இருப்பது நான்கு ஏஏ பேட்டரி போடும் பழைய சூப்பர்ஜூம் கேமரா. தங்கை தன்னுடைய மிரர்லெஸ் கேமராவைக் கொண்டுவருகிறாள், அதற்கு கூடவே வந்த லித்தியம் அயன் பேட்டரி ஒன்றுதான் இருக்கிறது.

என் பிரச்சினை இது. புது ஆல்கலைன் பேட்டரி போட்டு ஃபிளாஷோடு கொஞ்சம் படம் எடுப்பதற்குள் 'பேட்டரியை மாற்றவும்' என்று காட்டிவிட்டு, லென்ஸ் பாதி நீட்டிக்கொண்டிருக்கும்போதே கேமரா அணைந்துவிடுகிறது. அதே பேட்டரிகளைக் கழற்றிச் சுவர்க்கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடுகிறது! கோளாறு கேமராவிலா, பேட்டரியிலா? ரீசார்ஜபிள் வாங்கலாம் என்று தேடினால் ஒன்றில் 2000 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு), இன்னொன்றில் 2800, பெயரே கேள்விப்படாத ஒன்றில் 4000. எண் பெரிதாக இருப்பதை எடுத்தால் போதுமா? தங்கைக்கு கேமரா கம்பெனியின் பேட்டரியே வாங்க வேண்டுமா, மற்றது போதுமா? விமானத்தில் இதையெல்லாம் எப்படிக் கொண்டுபோவது?

பழையலென்ஸ்:

கேமராவில் ஒன்றும் இல்லை, நிம்மதியாக இருங்கள். ஆல்கலைனில் சரக்கு இருக்கிறது, ஆனால் அதை வேகமாகக் கொடுக்க அதனால் முடியாது. வாய் குறுகிய குடத்தைக் கவிழ்த்த மாதிரிதான். ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போதும் ஜூம் மோட்டார் ஓடும்போதும் கேமரா ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் இழுக்கும், பேட்டரியின் உள்மின்தடை அதிகம் என்பதால் அந்த நொடியில் வோல்டேஜ் சடாரென்று இறங்கும், கேமரா அதைப் பார்த்து பேட்டரி தீர்ந்தது என்று முடிவுகட்டிவிடும். கடிகாரம் இழுப்பது துளியூண்டு, அதனால் அதற்கு அதே பேட்டரி போதும்.

உங்களுக்கு வேண்டியது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற ரீசார்ஜபிள் பேட்டரி, அதிலும் தானாகச் சார்ஜ் வடியாத வகை. அட்டையில் 1.2 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஆல்கலைனின் 1.5ஐ விடக் குறைவாச்சே என்று பயப்பட வேண்டாம், பாரம் ஏறும்போதும் இது ஏறக்குறைய அந்த 1.2லேயே நிற்கும், ஆல்கலைன் நிற்காது. பழைய ரகங்கள் சார்ஜ் செய்து பையில் சும்மா வைத்திருந்தாலே ஒரு மாதத்தில் கணிசமாக வடிந்துவிடும். 2005இல் சான்யோ கம்பெனி எனலூப் என்ற வடியாத வகை பேட்டரியைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஓய்ந்தது (இப்போது அது பானாசோனிக் பெயரில் வருகிறது). மற்ற கம்பெனிகளிலும் இதே வகை கிடைக்கிறது, 'முன்பே சார்ஜ் செய்யப்பட்டது' என்று அட்டையில் இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

எண் விஷயத்துக்கு வருவோம். ஏஏ அளவு நிக்கல் பேட்டரியில் 4000 என்று எழுதியிருந்தால் அது பொய், அந்தச் சின்ன உருளைக்குள் அவ்வளவு அடங்காது. நல்ல கம்பெனிகளிலும் பெரிய எண்ணுக்கு ஒரு விலை உண்டு. சாதாரண எனலூப் 2000 எம்ஏஎச் அளவில், சுமார் 2100 முறை சார்ஜ் செய்யலாம் என்கிறார்கள். அதே கம்பெனியின் 2500 ரகத்துக்குச் சொல்வது 500 முறைதான். ஊர் சுற்றப் போகிறவருக்கு நான் 2000ஐத்தான் சொல்வேன்.

சார்ஜரில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து ஏற்றும் மலிவு சார்ஜர் ஒன்றை நிரப்பிவிட்டு மற்றதை அரைகுறையாக விடும். ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி விளக்கு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு செட் வாங்கி ஒன்றில் 'அ', மற்றதில் 'ஆ' என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள், கலக்கவே கூடாது. நான்கும் வரிசையாக இணைந்து வேலை செய்வதால் ஒன்று பலவீனமாக இருந்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அதைப் பாழாக்கிவிடும். கேமரா மெனுவில் பேட்டரி வகை என்று ஏதாவது இருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லையென்றால் அளவுகோல் தாறுமாறாகக் காட்டும்.

கைவிளக்கு:

இவ்வளவு எதற்கு? ஆல்கலைன் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், தீர்ந்தால் வாங்கிக்கொள்ளலாம். சார்ஜர், பிளக் மாற்றி என்று மூட்டை தூக்க வேண்டாமே.

பழையலென்ஸ்:

கிடைக்கும்தான், கேமராவில்தான் ஓடாது :) அவசரத்துக்கு என்றால் ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் ஏஏ ஒரு செட் பையில் கிடக்கட்டும். ஒன்று சுமார் 15 கிராம், ஆல்கலைனோ 23 கிராம் பக்கம். பல வருடம் வைத்திருந்தாலும் கெடாது, உறைகுளிரிலும் ஓடும். தயவுசெய்து அதைச் சார்ஜரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சார்ஜர்சாமி:

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்லவில்லை. 14500 என்று ஒரு லித்தியம் அயன் பேட்டரி உண்டு, பார்க்க ஏஏ போலவே இருக்கும், அளவும் அதேதான், ஆனால் 3.7 வோல்ட். நான்கைப் போட்டால் 6 வோல்ட் எதிர்பார்க்கும் கேமராவுக்குள் 15 வோல்ட் போகும், அதோடு கேமராவின் கதை முடிந்தது. இணையத்தில் தேடினால் ஏஏவுக்குப் பக்கத்திலேயே இதையும் காட்டுவார்கள்.

தங்கையின் மிரர்லெஸ்ஸுக்கு என் கட்சி இதுதான்: கம்பெனி பேட்டரி இரண்டு, அதற்கு மேல் வேண்டுமென்றால் வேறு கம்பெனி ஒன்று. மற்ற கம்பெனிகள் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன், சில வருடக்கணக்கில் உழைக்கின்றன. ஆனால் கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்ததும் 'இந்த பேட்டரி பொருந்தாது' என்று மறுப்பதும், மீதி 40 சதவீதம் என்று காட்டியபடியே அணைவதும் இவற்றில்தான் அதிகம். எனக்கு ஒன்று உள்ளேயே உப்பிக்கொண்டது. மூடி திறக்கிறது, பேட்டரி வெளியே வரமாட்டேன் என்கிறது, நகத்தால் கெல்லி எடுக்க அரை மணி நேரம். உப்பலின் சாயல் தெரிந்தாலே தூக்கிப் போடுங்கள், அதாவது குப்பையில் அல்ல, மின்கழிவு வாங்கும் இடத்தில்.

எதை வாங்கினாலும் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே வாங்கி, முழுசாகச் சார்ஜ் செய்து, வீட்டிலேயே தீரும்வரை படம் எடுத்துப் பாருங்கள். கெட்டது அங்கேயே தெரிந்துவிடும், திருப்பிக் கொடுக்கவும் நேரம் இருக்கும்.

விமானம்: உதிரி லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் எதுவும் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-ஹவர் வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும். கேமரா பேட்டரி இதில் எங்கோ அடியில் இருக்கிறது: 7.2 வோல்ட், 2 ஆம்பியர்-ஹவர் என்றால் பெருக்கிப் பாருங்கள், 14 சொச்சம்தான். எத்தனை எடுக்கலாம், பவர் பேங்கை விமானத்துக்குள் பயன்படுத்தலாமா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் உண்டு, அவர்கள் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உலோக முனைகள் சாவி, சில்லறையோடு உரசாமல் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். இது நிக்கல் பேட்டரிக்கும் பொருந்தும்.

வழிப்போக்கன்22:

அருமை, ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். பேட்டரியிலேயே யூஎஸ்பி துளை வைத்த 1.5 வோல்ட் ஏஏ வருகிறதே, அது எப்படி? அப்புறம் குளிரில் தங்கையின் பேட்டரி தாங்குமா?

மலைப்பாதை:

குளிருக்கு நான் சொல்கிறேன். லித்தியம் அயன் குளிரில் சீக்கிரம் தீர்ந்ததாகக் காட்டும், ஆனால் உண்மையில் தீர்ந்திருக்காது, உள்ளே வேதிவினை மந்தமாகிவிடுகிறது, அவ்வளவே. உதிரியைப் பைக்குள் போடாமல் சட்டையின் உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேமராவில் இருப்பது படுத்ததும் இதைப் போட்டு, அதை உள்ளே வைத்தால் சூடேறிய பிறகு இன்னும் கொஞ்சம் படம் தரும். ஆனால் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் லித்தியம் அயனை உடனே சார்ஜ் போடக் கூடாது, அறைச் சூட்டுக்கு வரட்டும்.

படம் எடுக்காத நேரத்தில் வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ் மூன்றையும் அணைத்துவிடுங்கள். சில கேமராக்களில் கேமராவை அணைத்த பிறகும் ஜிபிஎஸ் ஓடிக்கொண்டே இருக்கும், காலையில் எடுத்தால் பேட்டரி காலி. தங்கையின் கேமரா யூஎஸ்பியில் சார்ஜ் ஆகுமென்றால் பவர் பேங்க் பெரிய வசதி, பஸ்ஸில் போகும்போதே ஏறிவிடும். ஆனால் சில மாடல்கள் அணைத்திருக்கும்போது மட்டுமே சார்ஜ் ஏற்றும், சில எல்லா கேபிளையும் ஏற்காது. கொண்டுபோகப் போகிற அதே கேபிள், அதே பவர் பேங்கை மாட்டிப் பாருங்கள்.

சார்ஜர்சாமி:

யூஎஸ்பி ஏஏ: உள்ளே இருப்பது லித்தியம் அயன், ஒரு சின்ன சர்க்யூட் அதை 1.5 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கிறது. கடைசிவரை அதே 1.5தான் வரும் என்பதால் கேமரா முழுசாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்து திடீரென்று செத்துவிடும். ஃபிளாஷ் இழுக்கும் வேகத்துக்கு அந்தச் சர்க்யூட் சிலவற்றில் ஈடுகொடுப்பதும் இல்லை. ரிமோட்டுக்குச் சரி. உங்கள் கேமராவுக்கு நிக்கலே போதும்.

வழிப்போக்கன்22:

சரி, 2000 எம்ஏஎச் இரண்டு செட்டும் தனித்தனி விளக்கு வைத்த சார்ஜரும் வாங்கிவிட்டேன். 'ஆ' செட்டில் ஒன்றுக்கு மட்டும் போட்டவுடன் சிவப்பு விளக்கு மின்னுகிறது, மற்ற மூன்றும் ஒழுங்காக ஏறுகின்றன.

பழையலென்ஸ்:

அதைப் பக்கத்துத் துளைக்கு மாற்றிப் போடுங்கள். அங்கேயும் மின்னினால் பேட்டரி பழுது, ஒன்றை மட்டும் மாற்றாமல் நான்கையும் கொடுத்து முழு செட்டாகவே மாற்றி வாங்குங்கள். அங்கே மின்னாமல் பழைய துளையில் வேறொன்றைப் போட்டாலும் மின்னினால் சார்ஜர்.