எஸ்டீம் டிரைவர் சீட்: லெதர் கவர் பள்ளத்தில் நிற்கவில்லை

வண்டி 2002 மாருதி எஸ்டீம், இடம் வளசரவாக்கம். புது லெதர் கவர் மாட்டி 3 வாரம் ஆகிறது. டிரைவர் சீட்டில் உட்காரும் பகுதியின் நடுப்பள்ளத்தில் இழுத்துக் கட்டிய தையல் மேலே எழும்பி, இரு ஓரமும் சுருங்கி நிற்கிறது. மற்ற சீட்டெல்லாம் கச்சிதம்.

கழற்றிப் பார்த்தேன், கவரில் குறையில்லை. ஃபோமுக்குள் பதிந்திருந்த கம்பிதான் பெயர்ந்து வந்திருக்கிறது. விரலால் அழுத்தினாலே ஃபோம் மஞ்சள் பொடியாக உதிர்கிறது. கவரைக் கம்பியோடு பிணைக்கும் ஹாக் ரிங் (உலோக வளையம்) பிடிக்க இடமே இல்லை.

ரிங்குக்குப் பதில் கேபிள் டை போட்டேன், 2 நாளில் ஃபோமை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. கவரை மொட்டைமாடி வெயிலில் அரைமணி நேரம் வைத்து இளக்கி இழுத்ததில் சுருக்கம் குறைந்தது, பள்ளம் நிற்கவில்லை. கம்பியை ரப்பர் பசையால் ஒட்டினேன்; மதிய வெயிலில் வண்டியை நிறுத்தியதும் விட்டுப்போனது. லெதரையே ஃபோமோடு ஒட்டிவிடச் சொல்கிறார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்தமுறை கழற்றும்போது கவர் கிழிந்துவிடும். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கிடைத்த பழைய ஃபோமும் இதே நிலைதான்.

பள்ளம் இருக்கும் பட்டையை மட்டும் வெட்டி எடுத்து, 40 டென்சிட்டி (அடர்த்தி) ஃபோமில் துணியோடு புதுக் கம்பி பதித்து ஒட்டினால் இழுப்பைத் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.